கிடக்கும் கல்

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று தான்சானியா போகிறது. பொறுப்பாளராக ஒருவர் உடன் போக வேண்டும். இருபத்திரண்டு வருடமாகப் போர்வெல் போடும் வேலுமணி, அல்லது மூன்று வருட நந்தகுமார்.

எத்தனை அடியில் என்ன வந்தது என்று அங்கே ஆங்கிலத்தில் எழுத வேண்டுமாம். முதலாளி இருவரையும் ஒரு மாதம் எழுதச் சொன்னார். வேலுமணி மண்ணுக்கெல்லாம் மட், கல்லுக்கெல்லாம் ஸ்டோன் என்று எழுதினான். நந்தகுமார் பிரித்தான். பயிர் பிடிக்கும் மேல்மண் சாயில். பிசைந்தால் திரியாக நீள்வது கிளே. பூமியோடு ஒன்றாக நிற்பது ராக். மண்ணுக்குள் தனியாகக் கிடக்கும் பெருங்கல் போல்டர்.

"நந்து எழுதுனதப் பாத்தியா வேலு? படிச்சா வாயில மண்ணு ருசியே வருது," என்றார் முதலாளி.

அன்று வேலுமணிக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனையும் அவன் காதுக்கும் உள்ளங்காலுக்கும் தெரிந்ததுதான். பெயர்கள் மட்டும் அவனிடம் இல்லை.

அந்த மாதத்தின் கடைசி போர்வெல் வாழப்பாடிக்கு அருகே, செல்லியம்மாள் காட்டில். லீவரை வேலுமணி பிடித்திருந்தான். நாற்பத்தைந்தாவது அடியில் சாம்பல் நிறத் தூள் பறந்தது. நந்தகுமார் அதை விரலில் தேய்த்துப் பார்த்து, ராக் என்று எழுதினான்.

"பாறை வந்திருச்சுங்ண்ணா. கேசிங் எறக்கீரலாமுங்களா?"

கேசிங் குழாய் பாறையில் உட்கார வேண்டும். அப்போதுதான் மண் சரியாது. தூளில் பாறைக்கும் தனிக்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. சத்தத்தில் தெரியும். துளையிடும் ஹேமரின் அடியைப் பாறை திருப்பித் தரும். கிடக்கும் கல் வாங்கிக்கொள்ளும்.

இது வாங்கிக்கொண்டது.

"அதான் எழுதிப்போட்டயல்ல சாமி? எறக்கு."

"நீங்க சொன்னாச் சரிங்க."

இறக்கிவிட்டு மேலும் துளைத்தார்கள். அறுபதாவது அடியில் ராடு சட்டென்று வழுக்கியது. மண் சரிந்து அதன் நுனியில் இருந்த ஹேமர் புதைந்தது. சாயங்காலம் வரை இழுத்தும் வரவில்லை.

"தண்ணி வருமா வராதா, அதச் சொல்லுங்கப்பா," என்று செல்லியம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நந்தகுமார் நோட்டில் ராக் என்பதை அடித்துவிட்டு போல்டர் என்று எழுதினான். முதலாளியைப் போனில் கூப்பிட்டான்.

"தப்பு என்னுதுங்க. நாந்தான் ராக்குனு எழுதுனனுங்க."

பிறகு போனை வேலுமணியிடம் நீட்டினான்.

"அவன் நேத்து வந்தவன் வேலு," என்றார் முதலாளி. "உனக்குக் காதுல கேட்டிருக்குமே? தெரியலயா?"

தெரியும் என்றால் வேண்டுமென்றே செய்தவன். தெரியாது என்றால், தான்சானியா போக அவனிடம் இருந்தது அந்தக் காது ஒன்றுதான்.

நந்தகுமார் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காது தவறி மூன்று வருடத்தில் அவன் பார்த்ததில்லை.

"தெரியலீங்க," என்றான் வேலுமணி.

நந்தகுமார் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டான்.

"வண்டிய எடுக்கலாமுங்க," என்றான். அண்ணா என்று சேர்க்கவில்லை.