இடது கன்னம்

ஜென்சி அந்தப் படத்துக்கு முன்னால் வந்து நின்று பதினொரு நிமிடமாகிவிட்டது. வாசலோரம் காவலாளிச் சீருடையில் நின்ற அவளுடைய கணவன் றெனோல்ட் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். மாதத்தின் முதல் ஞாயிறு அருங்காட்சியகத்தில் இலவச நாள். பூசை முடிந்த கையோடு வீடு இருக்கும் லாசாலிலிருந்து பஸ்ஸும் மெத்ரோ ரயிலும் மாறி வந்திருந்தாள். புருசன் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வருகிறாள் என்று பேர். வந்ததும் அவனுக்கு ஒரு தலையசைப்பு, மிச்சமெல்லாம் சுவரில் தொங்குகிறவனுக்கு. மூன்றாவது மாதமாக இதே கூத்து.

தொங்குகிறவன் அப்படியொன்றும் மன்மதனில்லை. அவனை வரைந்தே நூறு வருடம் தாண்டிவிட்டது. கறுப்புக் கோட்டு, ஒடுங்கிய தோள், முகத்தில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு நோய் நிறம். இடது கன்னத்தைத் தூரிகையின் பின்முனையால் ஓவியன் கீறிக் கிளறியிருந்தான். ஒரு கண் நம்மைப் பார்க்கும். மற்றது தன்பாட்டில் உள்ளே எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். "இவர்கள் தோலை வரையவில்லை, தோலுக்குக் கீழே கிடக்கும் பயத்தை வரைந்தார்கள்" என்று வழிகாட்டிப் பெண் வருகிற கூட்டத்துக்கெல்லாம் பிரெஞ்சில் சொல்லிச் சொல்லி, அது றெனோல்டுக்குப் பாடமாகிவிட்டது. பயந்தாங்கொள்ளி ஒருத்தனை இப்படி வாய் பார்க்க என்ன இருக்கிறது என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

"அப்பிடி என்னத்தைத்தான் பாக்கிறீர்?" என்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டான்.

"அந்தாள் வடிவா நித்திரை கொண்டு கனநாள்," என்றாள் ஜென்சி. "முகத்தில கிடக்கு. ஒண்டையும் ஒளிக்கத் தெரியாத ஆள்."

றெனோல்ட் கோப்பையைக் கீழே வைத்தான். நான்கு வருடங்களுக்கு முன், கலியாணப் பேச்சுக்காக அவனுடைய அக்கா மன்னாரிலிருந்த ஜென்சி வீட்டுக்கு அனுப்பிய அவன் படத்தில், ஸ்டூடியோக்காரன் சின்ன வயதில் கொப்புளிப்பான் அம்மை போட்ட தழும்புகளையெல்லாம் இடது கன்னத்திலிருந்து வழித்தெடுத்து, நெற்றியில் இல்லாத முடியையும் நட்டுவிட்டிருந்தான். "எல்லாரும் செய்யிறதுதானே" என்றாள் அக்கா. கலியாணத்துக்கென்று கட்டுநாயக்கா விமான நிலையத்தில் போய் இறங்கியபோது, தமையனோடு காத்திருந்த ஜென்சி அவனைப் பார்த்தாள். பிறகு அவன் தோளுக்கு மேலால், பின்னுக்கு வருகிறவர்களுக்குள் அந்தப் படத்துக்காரனைத் தேடினாள். ஒரு கணம்தான். அதைப்பற்றி இன்றுவரை ஒரு சொல் கதைத்ததில்லை. சண்டை பிடித்திருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். அந்தப் படம் இன்னும் அவளுடைய செபப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது.

இந்த நான்கு வருடத்தில் தன் முகத்தில் அவள் கண் பதினொரு விநாடி தரித்ததுண்டா என்று யோசித்துப் பார்த்தான். எரிச்சல் பற்றிக்கொண்டது. செத்து மண்ணாய்ப் போன ஒரு வெள்ளைக்காரன் மேல் பொறாமைப்படுகிறோமே என்ற வெட்கம் வேறு. வெட்கத்தால் எரிச்சல் அடங்குவதாக இல்லை. காலையில் விளக்குப் போட்டதும் முதல் வேலையாக அவனை முறைத்துவிட்டுத்தான் வாசலில் போய் நிற்பான்.

அடுத்த முதல் ஞாயிறுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்: "அந்தப் படத்தைக் கழட்டிப்போட்டாங்கள். வேற நாட்டுக்குக் கண்காட்சிக்குப் போயிட்டுது."

"திரும்பி வராதோ?"

"வராது போல."

அவள் "ம்" என்றாள். பொய் இவ்வளவு லேசாக வந்தது அவனுக்கே அதிசயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் வெகு உல்லாசமாக நின்றான். மத்தியானத்துக்குக் கிட்ட, பூசைக்குக் கட்டிய சேலையோடும் அதற்குமேல் குளிர்க்கோட்டோடும் ஜென்சி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"படம் இல்லாட்டி என்ன, நீங்கள் நிப்பீங்கள்தானே எண்டு வந்தனான்," என்றாள்.

அவன் தடுக்க நினைப்பதற்குள் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். கறுப்புக் கோட்டுக்காரன் இருந்த இடத்திலேயே இருந்தான். ஜென்சி அவனைப் பார்த்தாள். பிறகு றெனோல்டைப் பார்த்தாள். அவனுக்குக் காது இரண்டும் சுட்டன. கட்டுநாயக்காவில் போலவே இப்போதும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கைப்பைக்குள்ளிருந்து போனை எடுத்தாள்.

"அதுக்குப் பக்கத்தில நில்லுங்கோ."

"வேலை நேரத்தில படத்துக்கு நிக்கேலாது, ஜென்சி."

"நில்லுங்கோ."

போய் நின்றான். போனைக் கண்டதும் உடம்பு தானாகவே பழகிய வேலையைச் செய்தது: வயிற்றை எக்கினான், நாடியை உயர்த்தினான், இடது கன்னத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

"அந்த முகம் வேண்டாம்," என்றாள் ஜென்சி. "அது என்னட்டைக் கிடக்கு."

சிரிப்பு போய்விட்டது. பதிலுக்குப் போட அவனிடம் வேறு முகம் இல்லை. கைகளை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. குறுக்கே வந்த ஒரு கிழவி "பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, படம் எடுத்து முடியட்டும் என்று ஒதுங்கி நின்றாள். ஜென்சி எடுக்கவுமில்லை, போனை இறக்கவுமில்லை. றெனோல்ட் மெல்ல மெல்ல இடது கன்னத்தை அவள் பக்கம் திருப்பினான். அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.