வெக்ஸ்போர்ட் காற்றுக்குழாய்க் கோயில்

கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுச் சொல்வது இது. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆனி மாதம் வடக்கே காடு பற்றி எரிந்து, அந்தப் புகை ரொறன்ரோவைத் தேடி வந்தது. மற்ற வீடுகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. வெக்ஸ்போர்ட்டில் குலசிங்கம் வீட்டில் மட்டும் குடியேறிவிட்டது. அன்று புழுக்கம் என்று அவர் யன்னல்களைத் திறந்து, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் காற்றாடியையும் ஓடவிட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார். புகை உள்ளே வந்து, அறைகளுக்குக் காற்றுக் கொண்டுபோகும் குழாய்களுக்குள் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. தலையணை மணத்தது, புட்டு மணத்தது, குளித்துவிட்டுத் துடைத்தால் துவாய் மணத்தது.

மனைவி பரிமளம் சுத்த சைவம்.

"வீடு முழுக்கக் கருவாடு சுட்ட மாதிரிக் கிடக்கு. நான் விட்பியிலை தம்பி வீட்டை போறன். மணம் போனாப் பிறகுதான் வருவன்."

"அப்ப எனக்குச் சாப்பாடு?"

"பாண் இருக்கு."

மூன்று நாள் பாண் ரொட்டி தின்றதில் குலசிங்கத்தின் முகமே சதுரமாகிவிட்டது. அதையும் தாங்கியிருப்பார். ரேடியோவைச் சத்தமாக வைத்தால் குறைக்கச் சொல்லி ஏச ஆளில்லாததுதான் தாங்கவில்லை. குழாய் துப்புரவாக்கும் கம்பனியை அழைத்தார். அடுத்த சனிக்கிழமைதான் வரலாம் என்றார்கள்.

பக்கத்து வீட்டுச் சச்சிதானந்தனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. சரியாகத் தெரிந்த விஷயமும் இல்லை.

"அண்ணை, உதுக்கேன் கம்பனி? ஃபேர்னஸ் காத்து இழுக்கிற வாயிலை சாம்பிராணியைப் போடுங்கோ. நல்ல புகை உள்ளுக்கை போனா, கெட்ட புகை எழும்பி ஓடும்."

"எவ்வளவு போட?"

"மனுசி எவ்வளவு கெதியா வரவேணுமோ, அவ்வளவு."

குலசிங்கம் அந்த வாயில் தணல் வைத்து, கடையில் வாங்கிவந்த இரண்டு கிலோ சாம்பிராணியையும் கொட்டினார். காற்றாடி அதை இழுத்து, வீட்டுச் சுவர்களில் இருந்த ஒன்பது காற்றுத் துவாரங்களாலும் ஊதியது. வீடு மறைந்தது. பிறகு தெருவும் மறைந்தது. கோயில் கோயிலாகப் போய்வரும் பாலேஸ்வரி அன்ரி பஸ்ஸால் இறங்கி மூக்கை உயர்த்திப் பார்த்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"தம்பி, ஐயர் வந்திட்டாரோ?"

"அன்ரி, இது கோயில் இல்லை. வீடு!"

"ஓம் ஓம்" என்று அன்ரி கண்ணைச் சிமிட்டினார். "நகரசபைக்காரர் வந்து கேட்டா அப்பிடித்தான் சொல்லவேணும்."

அந்த நாட்களில் பண்டகசாலைக்குள்ளும் கடையறைக்குள்ளும் கோயில் எழும்பிய ஊர் இது. வீட்டுக்குள் ஒன்று எழும்பியதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. பொழுதுபடுவதற்குள் வாசலில் நாற்பத்து மூன்று சோடி செருப்பு. வரவேற்பறைச் சுவரில் அதிகம் புகை கக்கிய துவாரத்துக்கு மாலை விழுந்தது. திங்கட்கிழமை நிர்வாகசபை தெரிவானது. செவ்வாய்க்கிழமை தலைவருக்கும் செயலாளருக்கும் பேச்சில்லை. புதன்கிழமை இரண்டு நிர்வாகசபைகள். சாம்பிராணி போடும் உரிமைக்கு இரண்டும் சண்டை பிடித்ததில் புகை மட்டும் குறையவில்லை. குலசிங்கம் தன் கட்டிலில் படுப்பதற்கு இரண்டு செயலாளர்களிடமும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

வெக்ஸ்போர்ட்டில் புதுக்கோயில் என்ற செய்தி விட்பிக்கும் போனது. சனிக்கிழமை காலை பரிமளம் பட்டுச்சேலையும் அர்ச்சனைத் தட்டுமாக வந்து இறங்கினாள். புகைக்குள் தெருவே தெரியவில்லை. கதவடியில்தான் தன் திரைச்சீலையைக் கண்டாள்.

"ஐயோ, உது என்ரை வீடு!"

"கோயில் எண்டா எல்லாற்ரை வீடும்தானே, அக்கா" என்றான் வாசலில் நின்ற தொண்டன். "வரிசையிலை வாங்கோ."

ஒரு மணித்தியாலம் நின்று துவாரத்தடிக்கு வந்தாள். அங்கே விபூதித் தட்டு ஏந்தி நின்றவர் அவளுடைய புருஷன். பரிமளம் மூக்கை உறிஞ்சினாள்.

"கருவாட்டு மணம் போயிட்டுது" என்றாள். "ஆனா இந்தச் சனத்துக்கை நான் எங்கை இருக்கிறது? இவையள் போகாட்டி நான் திரும்பிப் போறன்."

குலசிங்கம் விபூதித் தட்டைக் கீழே வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கம்பனி லொறி வந்து நின்றது. வெள்ளைக்காரர் இருவர் யானைத் தும்பிக்கை போன்ற குழாயைச் செருகி, இயந்திரத்தை முடுக்கினார்கள். முதலில் புகை போனது. பிறகு மாலை, கற்பூரம், இரண்டு சீப்பு வாழைப்பழம், இரண்டு நிர்வாகசபைகளின் யாப்பு விதித் தாள்கள், தலைவர்கள் இருவரும் ஒருவருக்கும் தெரியாமல் தங்களுக்கே வாங்கி வைத்திருந்த பொன்னாடைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. லொறியின் பின்பக்கத்தால் சாம்பிராணிப் புகை பொங்கியது.

"அங்கை! கோயில் அங்கை போகுது!" என்றார் பாலேஸ்வரி அன்ரி.

லொறி யூனியன்வில் பக்கம் திரும்பியது. சனம் செருப்பை மாட்டிக்கொண்டு கார்களில் பின்னால் போனது. இரண்டு நிர்வாகசபைகளும் இரண்டு வேறு வழிகளால் போயின.

வீட்டில் சத்தம் அடங்கியது. பரிமளம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குசினிக்குள் போய் உலை வைத்தாள். குலசிங்கம் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

"உதைக் குறையுங்கோ!" என்று உள்ளிருந்து ஏச்சு வந்தது. குலசிங்கம் அந்தச் சுகத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

சத்தியத்தில் ஒரு சொல்லும் குறையக்கூடாது என்பதால் இதையும் சொல்லவேண்டும்: குலசிங்கம் வீட்டைச் சூடாக்குவது சுவரோரத்து வெந்நீர் ரேடியேட்டர்கள். அந்த வீட்டில் காற்றுக்குழாய் என்று ஒன்று ஒருகாலமும் இருந்ததில்லை.