ஆள் பார்த்து வரும் கோபம்

தேவாலயச் சபையின் செயலருக்கு ஊசி என்றால் பயம். அதனால் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கையை நீட்டிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வாயை மட்டும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை பார்க்க வந்த இடத்தில் ஒரு சமாதானத்தையும் முடித்துவிட்டுப் போய்விடலாம் என்பது அவர் எண்ணம். ஏனென்றால் ஊசியைப் பிடித்திருந்தவள் தேன்குரலின் மனைவி.

தேன்குரல் என்பது பாடகர் குழுவில் தனிப்பாட்டுப் பாடுகிறவனுக்குச் சபை வைத்த செல்லப் பெயர். பெரிய ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேலாளர். ஞாயிற்றுக்கிழமை அவன் வாயைத் திறந்தால் கடைசி வரிசையில் தூங்குகிறவர்கூட நிமிர்ந்து உட்காருவார். அப்படிப்பட்டவன் வீட்டில் மனைவியை அடிக்கிறான் என்று தெரிந்தபோது பாதிப் பேர் நம்பவில்லை. நம்பிய மீதிப் பேர், "ரெண்டு பக்கமும் கேட்கணும்ல?" என்றார்கள். அவள் யாரையும் கேட்கச் சொல்லவில்லை. வீடு அவள் பெயரில் இருந்தது. மணிக்கட்டு வீங்கிய மறுநாள் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு, அவன் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பூட்டை மாற்றிவிட்டாள்.

"தங்கச்சி, அவன் அழுதுட்டான். என் கண்ணு முன்னால அழுதான்."

"கையை மடக்காதீங்கண்ணா."

"ஹோட்டல்ல துணி அடுக்கி வைக்கிற ரூம்ல படுத்துக் கிடக்கறான். பார்க்கவே பாவமா இருக்கு."

"நீங்க பேசப் பேச நரம்பு உள்ள போகுது. கொஞ்சம் சும்மா இருங்க."

செயலர் சும்மா இருந்தார். ஊசி இறங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்போதுதான் அவள் பேச ஆரம்பித்தாள்.

"போன வருஷம் உங்க வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொன்னேன். அனுசரிச்சுப் போம்மான்னீங்க. நானும் போனேன். இப்ப நீங்க ஒரு மாசம் அனுசரிங்க. அவரைக் கூட்டிட்டுப் போய் உங்க வீட்டுல வெச்சுக்கங்க. அப்புறம் வந்து மன்னிக்கச் சொல்லுங்க, காது கொடுத்துக் கேட்கறேன்."

ஊசி இன்னும் கையில் இருக்கும்போது எந்த மனுஷனால் முடியாது என்று சொல்ல முடியும்?

"சரிம்மா," என்றார் செயலர்.

செயலரும் அவர் மனைவியும் சேர்ந்து டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார்கள். ஆண்களுக்கு அவர், பெண்களுக்கு அவள். சபையில் அவளுக்குச் செயலரம்மா என்று பெயர். ஆனால் தொழிலில் அவள் கைதான் ஓங்கியிருந்தது. அவளிடம் படித்தவர்கள் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினார்கள்.

"ரத்தம் கொடுக்கப் போனீங்களா, ஆளைக் கூட்டிட்டு வரப் போனீங்களா?" என்றாள் அவள்.

சபைப் போதகரும் இதை ரசிக்கவில்லை. மனைவியை அடிக்கும் ஆண்களுக்கென்றே அவர் சனிக்கிழமை காலையில் ஒரு வகுப்பு நடத்திவந்தார். செயலரை விட்டுவிட்டு, நேராக அவர் மனைவியைப் பார்த்துக் கேட்டார். "அம்மா, உங்களுக்குச் சம்மதமா? இல்லைன்னா இப்பவே இல்லைன்னு சொல்லுங்க. யாரும் உங்களை எதுவும் சொல்ல விடமாட்டேன்."

"பார்க்கறேன் பாஸ்டர். சரிப்படலைன்னா பெட்டி வாசல்ல இருக்கும்."

பிறகு போதகர் செயலர் பக்கம் திரும்பினார். "அவர் வகுப்புக்கு வரணும், நீங்களும் கூட வரணும். வீட்டுல எப்படி இருக்கார்னு எனக்குச் சொல்லணும். அவருக்கு வக்கீலா வரவேண்டாம். அதுக்கு அங்க ஏற்கெனவே ஒரு வக்கீல் இருக்கார்."

நிஜமாகவே இருந்தார். வகுப்பு நடந்தது ஞாயிறு பள்ளி அறையில். சுவர் முழுக்க ஒட்டகச்சிவிங்கியும் வாத்தும் வரைந்திருந்தார்கள். குழந்தைகள் நாற்காலிதான் எல்லோருக்கும். கோட்டுப் போட்ட வக்கீலும், தொப்பை வைத்த லாரி முதலாளியும், தேன்குரலும், செயலரும் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரே ஒரு வாக்கியம்," என்றார் போதகர். "செஞ்சதைச் சொல்லணும். நான்னு ஆரம்பிக்கணும். ஆனாங்கிற வார்த்தை வரக் கூடாது."

லாரி முதலாளி முதலில் குதித்தார். "நான் அடிச்சேன் பாஸ்டர். ஆனா..."

"பாதி பாஸ். உட்காருங்க."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "என்னைப் பொறுத்தவரைக்கும், அன்னைக்கு ஒரு சம்பவம் நடந்ததாச் சொல்லப்படுது."

"யார் சொல்றாங்க?"

"என் மனைவி."

"அப்ப நீங்க சொல்லுங்க."

"அதுக்குக் கொஞ்சம் அவகாசம் வேணும்."

தேன்குரல் தனிப்பாட்டுக்கு எழுந்திருப்பவன் மாதிரி எழுந்தான். "அன்னைக்கு ஒரு சூழ்நிலை உருவாயிடுச்சு."

"நான்."

"நான் ஒரு சூழ்நிலையில இருந்தேன். கோவம் வந்துடுச்சு. கை பட்டுடுச்சு."

"யார் கை?"

"என் கைதான்."

"உங்ககிட்ட சொல்லாம கொள்ளாம போயிடுச்சா?"

தேன்குரலின் கண் கலங்கியது. பிறகு வழிந்தது. அவன் அழுகையிலும் ஒரு சுருதி இருந்தது. செயலருக்கும் மூக்கு அடைத்துக்கொண்டது. போதகர் டிஷ்யூப் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "நிதானமா அழுங்க. வாக்கியம் எங்கயும் ஓடிப் போகாது. அழுது முடிச்சுட்டுச் சொல்லுங்க."

என்ன கல்நெஞ்சுக்காரர் என்று செயலர் மனதுக்குள் கடிந்துகொண்டார்.

வீட்டில் தேன்குரல் தங்கமாகத்தான் இருந்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவினான், கழுவும்போது பாடினான். "பார்த்தியா?" என்பதுபோல் செயலர் மனைவியைப் பார்த்தார். அவள் பதிலுக்குப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் சின்னச் சின்னதாக ஆரம்பித்தது. "டீ ஆறிடுச்சு அண்ணி, பரவாயில்ல, குடிச்சுக்கறேன்." "டவலை இந்தப் பக்கம் மடிச்சா நல்லா இருக்கும் அண்ணி." எல்லாம் தேன் தடவிய பேச்சுதான். இருந்தாலும் செயலரம்மா சமையலறைக்குள் நுழையும் முன் அவன் அங்கே இருக்கிறானா என்று எட்டிப் பார்க்கப் பழகிவிட்டாள். அதைச் செயலர் கவனிக்கவில்லை. அவர் காதில் வேறொன்று விழுந்துகொண்டிருந்தது.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. அண்ணி நேத்து டிரைவிங் கிளாஸ் முடிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தாங்க. எங்க போனாங்கன்னு கேட்டீங்களா?"

கல்யாணமான நாளிலிருந்து செயலர் அதைக் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியதுமில்லை. அன்று சாப்பிடும்போது கேட்டார்.

செயலரம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "இது உங்க சொந்தக் கேள்வியா, வாடகைக்கு எடுத்ததா?"

செயலருக்குப் புரை ஏறியது. தேன்குரல் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

இரண்டு நாள் கழித்து, ஹோட்டல் பக்கம் ஒரு வேலையாகப் போன செயலர் அவனையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று உள்ளே நுழைந்தார். வரவேற்பு மேசை முன்னால் ஒரு விருந்தாளி கத்திக்கொண்டிருந்தார். குளியலறையில் வெந்நீர் வரவில்லையாம். தேன்குரலின் படிப்பு, வளர்ப்பு, மூளை எல்லாவற்றையும் வரிசையாக இழுத்து, கடைசியில் சாவியை மேசைமேல் வீசினார். அது துள்ளிப்போய் அவன் மார்பில் பட்டு விழுந்தது.

செயலர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஏதோ நடக்கப்போகிறது.

தேன்குரல் குனிந்து சாவியை எடுத்தான். புன்னகை இம்மிகூடக் கலையவில்லை. "உங்க கோபம் நியாயம் சார். நான்தான் தப்புப் பண்ணிட்டேன். முழுக்க என் தப்பு. வேற ரூம் தர்றேன் சார்."

செயலர் அப்படியே நின்றார். நான் என்று ஆரம்பித்திருக்கிறான். 'ஆனா' வரவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமையாகச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்தும் வராத வாக்கியம், முன்பின் தெரியாத ஆளிடம், தான் செய்யவே செய்யாத தப்புக்கு, ஒரே மூச்சில் வந்துவிட்டது.

காரில் கேட்டார். "உனக்குக் கோவமே வரலையாப்பா?"

"வராம என்னண்ணா? உள்ள கொதிக்கும். தொழில்னு வந்துட்டா அடக்கித்தான் ஆகணும். பழகிட்டா ஒண்ணுமே இல்ல."

"ஓ," என்றார் செயலர்.

வீட்டு வாசலில் அவனை இறக்கிவிட்டு, தெருக்கோடியில் இடம் தேடிக் காரை நிறுத்திப் பூட்டினார். படியேறும்போது உள்ளே ஒரு குரல் கேட்டது. யாரோ புது ஆள் வந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தார்.

"எத்தனை தடவை சொல்றது? சூடா இருக்கணும்னு சொன்னா மண்டையில ஏறாதா?"

அடுத்து படாரென்று ஒரு சத்தம். செயலர் மீதிப் படிகளைத் தாவினார். அவர் மனைவி சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே, ஒரு சாண் தள்ளி, சுவரில் டீ வழிந்துகொண்டிருந்தது. கீழே கப் சில்லுச் சில்லாகக் கிடந்தது. அவர்கள் கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் பயந்து செயலர் பார்த்ததில்லை. பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதிப்பவர்கள் பக்கத்தில் தினமும் உட்காருகிறவள். இப்போது சுவரை விட்டு நகரவில்லை.

தேன்குரல் திரும்பினான். செயலரைக் கண்டதும் குரல் கண்ணிமைக்கும் நேரத்தில் தேனாகிவிட்டது. "அண்ணா! கப் கை தவறிடுச்சுண்ணா."

செயலர் சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"கை தவறின கப் கீழதானே விழும்? இது எப்படிப்பா மேல ஏறுச்சு?"

"கோவம் வந்துடுச்சுண்ணா. என்னையறியாம..."

"அந்த ஆளு சாவியை உன் நெஞ்சுல வீசினானே, அப்ப வரலையே?"

"அவர் கெஸ்ட்டுண்ணா!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"பெட்டி," என்றாள் செயலரம்மா. அந்த ஒரு வார்த்தைதான்.

செயலர் ஓடினார். பதற்றத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளித் திணித்தார். அதில் தன்னுடைய இரண்டு சட்டையும், மேசை விரிப்பும் போனது பிறகுதான் தெரிந்தது. பெட்டி வாசலுக்கு வந்தது. பின்னாலேயே ஆளும் வந்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போதகரைக் கூப்பிட்டார். போதகர் வந்து, செயலரம்மாவிடம், போலீஸில் சொல்ல விருப்பமா என்று கேட்டார்.

"சுவத்துல டீ ஊத்தினதுக்கெல்லாம் எழுதிப்பாங்களா?"

"எழுதிப்பாங்க. நான் கூட வர்றேன்."

அவள் செருப்பை மாட்டினாள். செயலரும் போனார்.

சபைக் கமிட்டி கூடியது. பெரியவர்கள் மூன்று பேரும் வழக்கம்போல ஆரம்பித்தார்கள். மனுஷன் தவறுவது சகஜம், மன்னித்துவிட்டுப் பாட விடலாம், குரல் போனால் ஆராதனையே களையிழந்துவிடும். போன மாதம்வரை இதெல்லாம் செயலர் பேசிய பேச்சு.

"சரி," என்றார் செயலர். "ஒரு மாசம் யார் வீட்டுல வெச்சுக்கறீங்க?"

ஒருவர் வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்களாம். இன்னொருவர் வீட்டுக்கு மருமகள் பிரசவத்துக்கு வருகிறாளாம். மூன்றாமவருக்குத் திடீரென்று காது கேட்கவில்லை. தேன்குரலைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்திவைக்கும் முடிவு ஒருமனதாக நிறைவேறியது. அந்த ஞாயிறு பொருளாளர் தனிப்பாட்டுப் பாடினார். அன்றும் யாரும் தூங்கவில்லை, காரணம்தான் வேறு.

தேன்குரல் ஒரு வாடகை அறைக்குப் போனான். வகுப்பையும் விட்டுவிடத்தான் பார்த்தான். இரண்டாவது புகாரையும் கையில் வைத்திருந்த இன்ஸ்பெக்டர், அங்கே போகிறாயா, இங்கே வருகிறாயா என்று கேட்டதால் சின்ன நாற்காலிக்கே திரும்பினான். தினமும் சாயங்காலம் அவனுக்குப் போன் செய்து விசாரிக்கும் பொறுப்பைப் போதகர் செயலர் தலையில் கட்டினார்.

"என்ன கேட்கணும் பாஸ்டர்?"

"இன்னைக்கு யாரை மிரட்டினீங்கன்னு கேளுங்க. அவர் கதை சொன்னா, நான்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

ஒரு மழைக்கால சனிக்கிழமை, எல்லோரும் எதிர்பார்ப்பையே விட்டுவிட்ட நேரத்தில், அது வந்தது. தேன்குரல் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே, பாட்டுக்குரல் இல்லாத ஒரு சாதாரணக் குரலில் சொன்னான்.

"நான் அவளை அடிச்சேன். அடிச்சா அடங்கிடுவான்னு தெரிஞ்சேதான் அடிச்சேன்."

வக்கீல்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். செயலருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் தேன்குரல் நிமிர்ந்தான்.

"சொல்லிட்டேன் பாஸ்டர். இப்ப அவகிட்டச் சொல்வீங்களா? எப்ப வருவா?"

"நீங்க உண்மையைச் சொன்னீங்க, சந்தோஷம்," என்றார் போதகர். "அதுக்குப் பரிசெல்லாம் கிடையாது. அடுத்த வாரம் இன்னொரு உண்மை கொண்டு வாங்க."

அன்று செயலர் வீட்டுக்குப் போகாமல் நேராகத் தேன்குரலின் மனைவி வீட்டுக்குப் போனார். அவனுக்காகப் பேச அல்ல. வாசலிலேயே நின்றார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"நான் உன்னைத் திருப்பி அந்த வீட்டுக்கே அனுப்பினேன்மா. அது நான் பண்ண தப்பு. ஆ..."

அந்த 'ஆ' தொண்டைவரை வந்துவிட்டது. சட்டென்று அதை இருமலாக மாற்றினார்.

"ஆனாவா அண்ணா?"

"இல்லம்மா. இருமல். ஈரக் காத்து."

அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து அவர் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். அவன் வகுப்பில் சொன்னதைப் போதகர் ஏற்கெனவே போனில் சொல்லிவிட்டாராம்.

"நான் திரும்பிப் போகமாட்டேண்ணா. விவாகரத்துக்கு எழுதிக் கொடுத்துட்டேன். அவர் மாறினா நல்லதுதான். நல்லா இருக்கட்டும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "வேற எங்கயாவது."

செயலர் தலையாட்டினார். மன்னிப்பைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை.

சாயங்காலப் போன்கள் மட்டும் நிற்கவில்லை. சாப்பிட உட்காரும் முன் செயலர் செய்துவிடுவார். செயலரம்மா எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். சில நாள் தேன்குரல் எடுக்கமாட்டான். சில நாள் எடுத்துக் கதை அளப்பான். போன வாரம் ஒரு நாள் இப்படி ஆரம்பித்தான்:

"ரூம் ஓனரம்மாகூட இன்னைக்குக் கொஞ்சம் சத்தமாயிடுச்சுண்ணா. தண்ணி வரல, அதான்..."

"நான்," என்றார் செயலர். காத்திருந்தார். அந்தப் பக்கம் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது.

"நான் கத்தினேன்," என்றான் தேன்குரல். "அந்தம்மா தனியா இருக்கறாங்கன்னு தெரிஞ்சுதான் கத்தினேன்."

"சரி," என்றார் செயலர். "இப்ப என்ன பண்ணப்போறே?"