எந்தத் தேதியில் பிறப்பது

குழந்தை வயிற்றுக்குள் தலைமேலாக இருக்கிறது, ஆப்பரேஷன்தான் என்று டாக்டர் ஷீலா சொன்னபோதுகூட உமாராணி கலங்கவில்லை. டிசம்பர் இருபத்திரண்டிலிருந்து இருபத்தாறுக்குள் நீங்களே ஒரு நாளைச் சொல்லுங்கள் என்றாரே, அதுதான் வினையாகப் போயிற்று.

மலேசியாவின் கூலிம் ஹைடெக் பூங்காவில், சிப் தொழிற்சாலை ஒன்றில் அவள் சூப்பர்வைசர். ஒரு லைன் முழுவதையும் கட்டி மேய்ப்பவளுக்கு வீட்டிலிருந்த ஒரே மாமனாரை மேய்க்க முடியவில்லை. கனகரத்தினம் நில அளவை இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். விடிந்ததும் குடும்ப வாட்சப் குழுவில் ‘வரலாற்றில் இன்று’ போடாவிட்டால் அவருக்குத் தேநீர் இறங்காது.

“இருபத்திரண்டு, பிள்ளை. கணித மேதை ராமானுஜன் பிறந்த நாள். வேற யோசிக்கத் தேவையில்லை.”

பாடாங் மேஹாவிலிருந்து வந்திருந்த உமாராணியின் அம்மா செல்லாயி பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். “அன்னிக்கு நட்சத்திரமே சரியில்ல, சம்பந்தி. இருபத்திநாலு வச்சுக்கலாம் லா.”

“இருபத்திநாலோ? வாஸ்கோ ட காமா கொச்சியில செத்த நாள்!”

“அவரு யாரு? உங்க சொந்தமா?”

கணவன் கிருபாநந்தன் சிரித்துவிட்டான். உமாராணி பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கிக்கொண்டு காரைக் கழுவப் போனான்.

“அப்ப இருபத்தாறு,” என்றாள் செல்லாயி. “அருமையான நாளு.”

கனகரத்தினம் எழுந்து அறைக்குள் போனார். சுனாமி வந்த தேதி அது. முல்லைத்தீவில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய தங்கை அன்று குடும்பத்தோடு போய்விட்டாள். அது தெரிந்திருந்ததால் உமாராணிக்கு வாய்விட்டுக் கத்தவும் வழியில்லை. கத்தாமல் இருக்கவும் முடியவில்லை. குளியலறைக் கதவை அறைந்து சாத்தியதில் கொஞ்சம் தணிந்தது.

மறுநாள் அவளே டாக்டருக்குப் போன் செய்து இருபத்து மூன்று என்று சொல்லிவிட்டாள். “அன்னிக்கு யாரு பொறந்தா, யாரு செத்தான்னு ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது!”

யாரும் திறக்கவில்லை. ஆனால் இருபத்து மூன்றாம் தேதி காலை ஸ்கேன் பார்த்த டாக்டர் புன்னகைத்தார். குழந்தை தானாகவே திரும்பி, தலை கீழே வந்துவிட்டதாம். ஆப்பரேஷன் வேண்டாம், வலி வரும்வரை காத்திருக்கலாமாம். கட்டிக்கொண்டு போன பையோடு வீடு திரும்பும்போது உமாராணிக்கு அழுகையே வந்துவிட்டது. வயிற்றுக்குள் இருப்பதுமா சொன்ன பேச்சைக் கேட்காது?

கிறிஸ்துமஸ் அன்று மாலை வலி கண்டது. இருபத்தாறு விடியலில் பெண் பிறந்தாள்.

வார்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் குழந்தையின் நிறத்தைப் பேசினார்கள், மூக்கைப் பேசினார்கள். தேதியை மட்டும் எவரும் சொல்லவில்லை. கடைசியாகக் கனகரத்தினம் வந்து கட்டிலருகில் குனிந்தார்.

“பிள்ளை, இவள் பிறந்த நேரம் லண்டனில இன்னும் இருபத்தஞ்சுதான். நியூட்டன் பிறந்த நாள்.”

அவ்வளவு நாள் அடக்கியது அத்தனையும் பொத்துக்கொண்டது.

“மாமா! என் மக லண்டன்ல பொறக்கல. சுங்கைப்பட்டாணியில பொறந்திருக்கா. இன்னிக்குப் பொறந்திருக்கா. எத்தனாந் தேதின்னு வாயத் தொறந்து சொல்லுங்க!”

அவர் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். “இருபத்தாறு,” என்றார்.

உமாராணிக்குக் கோபம் அடங்கவில்லை. கோபத்தோடேயே குழந்தையைத் தூக்கி அவர் கையில் வைத்தாள். “தலையப் பிடிங்க. முல்லைத்தீவு அத்தை பேரு என்ன?”

“தங்கமலர்.” சொன்ன கையோடு பதறினார். “அந்தப் பேரை வையுங்கோ எண்டு நான் கேக்கேல்லை, பிள்ளை.”

“வைக்கிறேன்னு நானும் சொல்லலையே.”

மூலையில் வெந்நீர் ஆற்றிக்கொண்டிருந்த செல்லாயி பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தபடி திரும்பினாள். “பேரு நட்சத்திரத்துக்கு உண்டான எழுத்துலதான் வைக்கணும், சம்பந்தி.”

“என்ன எழுத்து?” என்று கேட்டுக்கொண்டே அவர், பேத்தியைத் தோளில் சாய்த்தபடி, பஞ்சாங்கத்தை எட்டிப் பார்த்தார்.

உமாராணி போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.