எழுத்துப்பிழை இல்லை

பெரியவளுக்கு ஒரு மாதமாகவே இருப்புக் கொள்ளவில்லை. மாநகராட்சி இணையதளத்துக்கு அவள் வடிவமைத்த புதிய தேடல் பக்கம் வெளியாகியிருந்தது. வெள்ளைப் பரப்பு, நடுவில் ஒரே ஒரு பெட்டி, வேறு எந்த இரைச்சலும் இல்லை. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். மேலாளர் கூட்டத்தில் எழுந்து நின்று கைதட்டினார். அதே மாநகராட்சியின் உதவி மையத்தில் தொலைபேசி எடுக்கும் அவளுடைய தங்கை மட்டும் மூச்சு விடவில்லை. ஒரே அறையில் படுத்து எழுகிறவர்கள். சின்னவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்கோ ஏதோ தீய்கிறது என்று அர்த்தம்.

"ஏன்டி, என் பக்கம் எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

சின்னவள் தொண்டையைத் தடவிக்கொண்டாள். குரல் கம்மியிருந்தது. "அழகா இருக்கு. நல்லா பாத்து ரசிச்சுட்டு அப்புறம் எங்களுக்குத்தான் போன் பண்றாங்க."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. மறுநாளே அனுமதி வாங்கிக்கொண்டு உதவி மையத்துக்குப் போனாள். தாழ்ந்த கூரை, தரையில் டேப் ஒட்டிய வயர்கள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு வெந்நீர் ஃப்ளாஸ்க். தங்கைக்கு அந்தப் பக்கம் அவளுடைய தோழி. குரலுக்காக எல்லோரும் அவளைக் குயில் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தப் பக்கம் பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

முதலில் வந்த பெண்மணி பொரிந்து தள்ளினாள். "குப்பை வண்டி எப்ப வரும்னு போட்டா ஒண்ணும் இல்லைங்குது. அது திடக்கழிவாமே! எங்க வீட்ல அதைக் குப்பைன்னுதாம்மா சொல்லுவோம்." பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்தவருக்குச் சாக்கடை அடைப்பு. அதற்கடுத்தவருக்குத் தெருவிளக்கு. சிரிப்பு மெல்லக் கழன்றது.

பிறகு ஒரு பெரியவர் பேசினார். நிதானமான குரல்.

"பெட்டியில எழுதுன்னு போட்டிருந்துச்சும்மா. என் மனைவி இறந்துட்டாங்கன்னு எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கான்னு சரிபாருங்கன்னு வருது. நானும் திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். சரியாத்தான் எழுதியிருக்கேன்."

அந்த வாசகத்தை எழுதியவள் பெரியவள்தான். ஒரு மத்தியானம், டீ குடித்துக்கொண்டே எழுதியது. சின்னவள் அவரிடம், "உங்க மேல தப்பே இல்லைங்கய்யா," என்று சொல்லி, இறப்புப் பதிவுக்கு எங்கே போக வேண்டும், என்ன எடுத்துப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாய் விளக்கினாள். அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை.

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல் பெரியவள் மேலாளரிடம் ஓடி, சனங்கள் தேடுவது எதுவும் கிடைப்பதில்லை என்றாள்.

அவர் சாவகாசமாகச் சொன்னார்: "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

"சட்டியில எல்லாம் இருக்கு சார். அகப்பைக்குத்தான் கண்ணு தெரியல."

அன்றிலிருந்து நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் வேலை செய்தாள். திடக்கழிவுக்குப் பக்கத்தில் குப்பையைச் சேர்த்தாள். சனங்கள் வாயில் வருகிற சொல் எதைப் போட்டாலும் சரியான பக்கம் திறக்கும்படி செய்தாள். எழுத்துப்பிழை வாசகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தேடிய சொல்லுக்கு நெருக்கமான சேவைகளையும் உதவி எண்ணையும் வைத்தாள். சோதனையில் எல்லாம் கச்சிதமாக வந்தது. மேலாளருக்கு வாயெல்லாம் பல். "அப்புறம் என்ன, உதவி மையத்துல பாதி நாற்காலியை எடுத்துடலாம்!"

பெரியவள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

சாயங்காலம் சின்னவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் வாசற்படிக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். கடைசியில் போட்டு உடைத்தாள்.

"தெரியும்," என்றாள் சின்னவள். "போன் குறைஞ்சா ஆளும் குறையும். இது தெரியாத பச்சப்புள்ளையா நானு? நீ தப்பா செஞ்சா எனக்குத் தொண்டை போகுது. நல்லா செஞ்சா வேலை போகுது. எது வேணும்னு என்கிட்டயே கேக்க வந்தியா?"

"வேணாம்னா நிறுத்திடறேன்டி."

"நிறுத்திட்டு? அந்தப் பெரியவர மாதிரி இன்னும் நாலு பேரு பிழை தேடிட்டு உக்காந்திருக்கட்டுமா?" கையிலிருந்த தட்டை ணங்கென்று கவிழ்த்தாள். "வெளிய விடு. ஆனா என்னைச் சிரிச்ச மூஞ்சியா இருன்னு மட்டும் சொல்லாதே."

வெளியிட்டார்கள். அழைப்புகள் மளமளவென்று குறைந்தன. கடைசி வரிசை மேசைகளைக் கழற்றி எடுத்துப் போனார்கள். சின்னவளுக்கு வேலை தப்பியது. ஆனால் குயிலை நகரத்தின் மறுகோடியிலிருந்த கிளை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். சின்னவள் அக்காவோடு பேச்சை நிறுத்தினாள். உப்பு வேண்டுமென்றாலும் அம்மா வழியாகத்தான் கேட்டாள். பெரியவளும் சமாதானம் பேசப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? செய்தது சரிதான் என்று புத்தி சொல்லும். சொல்லி முடிப்பதற்குள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் குயில் கண்முன் வந்து நிற்பாள்.

ஒரு நாள் காலை, பெரியவள் வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டே சின்னவள் சொன்னாள்:

"உன் பெட்டியில நாய் கடிச்சிடுச்சுன்னு போட்டா, நாய்க்கு லைசென்ஸ் எடுக்கற பக்கம் வருது. நேத்து ஒரு அம்மா கையில ரத்தத்தோட லைன்ல வந்து என்கிட்ட கத்தறாங்க."

பெரியவள் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

"ஆபீஸ்ல போய்ப் பண்ணக் கூடாதா? பஸ் போயிடும்," என்றாள் சின்னவள்.

"போகட்டும். அங்க போய்ச் சேர்றதுக்குள்ள இன்னும் யாராவது கடி வாங்கிட்டுத் தேடுவாங்க."