கோச்சுக்கு ஒரு பாடம்

ஃபுட்பால் கோச்சை வேலைக்கு எடுத்தால் அவருக்கு நடத்த ஒரு பாடமும் கொடுக்க வேண்டும். டெக்சாஸில் அது பெரும்பாலும் சமூக அறிவியல்தான்.

புதிய கோச் அரசியல் பாடத்தைக் கேட்டார். கடைசி வருடப் பிள்ளைகளுக்கு அது ஜனவரியில்தான் தொடங்கும். ஆட்டக் காலம் அதற்குள் முடிந்திருக்கும். வாரியக் கூட்டத்தில் பள்ளி வாரியத் தலைவர் கிளிண்ட் மேப்ரி அதை ஆதரித்துக் கையைத் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள். வெகுகாலமாக அரசியல் பாடம் நடத்திய வெர்னா ஸ்ட்ரவுட் பொருளாதாரத்துக்கு மாற்றப்பட்டாள்.

கூட்டம் கலைந்தபோது மேப்ரி சொன்னார்: "மனசுல வச்சுக்காதீங்க வெர்னா. பாடத்தை யார் வேணா நடத்தலாம். டீமை நடத்த ஆள் வேணும்ல?"

அவள் மனதில் வைத்துக்கொண்டாள்.

பொருளாதாரம் ஆகஸ்டில் தொடங்கும். ஆட்டமும் அப்போதுதான். மேப்ரி அதை யோசிக்கவில்லை. கடைசி வருடம் படிக்கும் அவர் மகன் கோல்பி, டீமில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், வெர்னாவின் வகுப்பில் வந்து உட்கார்ந்தான்.

எந்தப் பாடத்திலும் மார்க் எழுபதுக்குக் கீழே போனால் மூன்று வாரம் ஆட முடியாது. மாநிலச் சட்டம். அக்டோபரில் கோல்பிக்கு அறுபத்தெட்டு.

"மேடம், அந்த விலைவாசி டெஸ்ட்டை இன்னொரு தடவ எழுதட்டுமா? இப்ப படிச்சிட்டேன். நிஜமா."

மறுதேர்வு ஆசிரியர் விருப்பம். கேட்டவர்கள் எல்லோருக்கும் இதுவரை கொடுத்திருக்கிறாள்.

"வேண்டாம் கோல்பி."

"வெள்ளிக்கிழமை யுனிவர்சிட்டிலேருந்து ஆள் வராங்க மேடம். என் ஆட்டத்தைப் பாத்து அவங்க டீமுக்கு எடுக்க."

"தெரியும்."

மறுநாள் மேப்ரி வந்தார். தொப்பி கையில் இருந்தது.

"பையன் என்ன பண்ணான் உங்களுக்கு?"

"ஒண்ணும் பண்ணல. நல்ல பையன்."

"ரெண்டு மார்க்குதான வெர்னா? உங்க அரசியல் பாடம் திரும்ப வேணுமா, சொல்லுங்க. கோச்சுக்கு ஜாக்ரஃபி குடுத்தாப் போச்சு."

இவ்வளவு எளிதான காரியமா அது. வெர்னா கரும்பலகையை முழுதாகத் துடைத்து முடித்தாள்.

"எதுக்கு? கோச் நல்லாத்தான் நடத்துவாரு."

"ஊரே உங்களத் திட்டப் போகுது."

"திட்டட்டும். பையனைப் படிக்க வைக்கலேன்னு உங்களையும் நாலு வார்த்தை திட்டுவாங்க."

வெள்ளிக்கிழமை டிக்கெட் வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். அவளுக்கு ஆட்டத்தில் ஆர்வம் கிடையாது. கோல்பியின் இடத்தில் ஆடிய பையன் திரும்பத் திரும்பப் பந்தை எதிரணியிடம் எறிந்தான். பல்கலைக்கழக ஆள் இடைவேளையில் கிளம்பிப் போனார். மேப்ரி நான்கு வரிசை கீழே உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் பேசவில்லை. வெர்னா அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டு நாச்சோவைத் தின்றாள். ருசியாக இருந்தது.

கோல்பி படியேறி வந்தான். சாதாரணச் சட்டை போட்டிருந்தான்.

"மேடம், இங்க உக்காரட்டுமா? அப்பா பக்கத்துல முடியல."

மடியிலிருந்த கைப்பையை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தாள்.

"ஆள் வராங்க."

"சரிங்க மேடம்."

அவன் இன்னும் மேலே ஏறிப் போனான். ஆட்டம் முடியும்வரை அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.