மூன்றாம் மதகு

"இன்னொரு தடவ படி," என்றான் தங்கையன்.

பொன்னுத்தாய் நோட்டீசை அரிக்கேன் விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். கழக ஆட்சி சட்டம் போட்ட கூலியைக் கேட்டு, விவசாயத் தொழிலாளர்கள் நடவை நிறுத்தியிருந்தார்கள். அதற்கு மிராசுதார்களின் பதில் இது. மத்தியானம் குடிசைக்குக் குடிசை செருகிவிட்டுப் போயிருந்தார்கள். தங்கையன் சங்கச் செயலாளர். பொழுது சாய்ந்ததும் வாய்க்கால் கரையோடு குடவாசலுக்கு நடந்துபோய்க் கூட்டத்தில் பேசவேண்டும்.

"'நடவுக்கு வராதவர்கள் களையைப்போல் பிடுங்கி எறியப்படுவார்கள்.' ஏங்க, அச்சுலயே போட்டுட்டானுங்க. நீங்க இன்னிக்குப் போவேணாம்."

"அது வெறும் உவமை. களை பிடுங்கணும்னாலும் நம்மளத்தான் கூப்புடணும். எந்த மிராசு வயல்ல குனிஞ்சிருக்கான்? மேல படி."

"'வெளியூர்க் கூட்டங்களுக்குப் போய்வரும் அன்பர்கள் மூன்றாம் மதகை நினைவில் கொள்வது நலம்.' இது மரியாதையாத்தான் இருக்கு. மதகு என்ன, இடிஞ்சு கெடக்கா?"

தங்கையன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"என்னங்க?"

"எனக்கு முந்தி மருதையன் அண்ணன்தான் செயலாளர். போன அறுப்பப்ப கூட்டத்துக்குப் போனாரு. மறுநா காலைல அந்த மதகு வாயிலதான் தூக்குனோம். வழுக்கி விழுந்துட்டாருன்னு போலீசுல எழுதிக்கிட்டாங்க."

அவள் விரல் முந்தின வரிக்குப் போனது.

"அப்ப களைன்னு சொன்னது?"

"அது வசவு. ஊருக்கே கேக்கணும்னு போட்டது. இது ஜாடை. தெரிஞ்சவனுக்கு மட்டும்."

"யாருக்கு, உங்களுக்கா?"

அவன் சட்டையை மாட்டினான். அவள் நோட்டீசோடு வெளியே வந்தாள். தெரு முழுக்கக் களைப் பேச்சாகவே இருந்தது. எதிர்க்குடிசைக் காளியம்மாள் முறத்தைத் தட்டிக்கொண்டே ஏசினாள்.

"நாம களையாம்ல. அவன் திங்கிற சோறு யாரு நட்டது?"

"சின்னம்மா, அத விடுங்க. அடுத்த வரியக் கேளுங்க."

பொன்னுத்தாய் உரக்கப் படித்தாள். முறம் நின்றது. மருதையன் காளியம்மாளின் கூடப்பிறந்த அண்ணன்.

"தங்கையன் எங்கடி?"

"உள்ள கெளம்பிக்கிட்டிருக்காரு."

காளியம்மாள் உள்ளே போய் விளக்கை எடுத்துவந்தாள். பக்கத்துக் குடிசைத் தட்டியைத் தட்டினாள். "எழுந்து வாங்க. மூணாம் மதகுன்னு போட்டிருக்கான்." அதற்குமேல் அவள் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வாசலில் விளக்குகளோடு திரண்டவர்களைப் பார்த்துத் தங்கையனுக்குச் சங்கடமாக இருந்தது. "இவ்வளவு பேரு வந்தா, பயந்துட்டான்னு சொல்லுவானுங்க."

"பயந்துதாங்க வர்றோம்," என்றாள் பொன்னுத்தாய்.

வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. மதகு நெருங்கியபோது எதிர்க்கரைத் தாழம்புதரில் ஒரு பீடி நெருப்பு தெரிந்தது. நெருப்பு அணைந்தது. யாரோ இருமலை அடக்கும் சத்தம் கேட்டது.

காளியம்மாள் விளக்கை உயர்த்திப் புதரைப் பார்த்துப் பிடித்தாள். தங்கையனை நடுவில் விட்டு, ஒவ்வொருவராக மதகின் மேல் ஏறினார்கள்.